ஆய்வு தெரியும், ஆட்களைச் சேர்த்து நடத்தத் தெரியுமா? வாசகர் கேள்வி – பதில்

பல ஆய்வகங்களோ பொதுமக்களோ சேர்ந்து நடத்தும் ஆய்வுகளில் ஆட்களை ஒருங்கிணைக்கிறவர்களுக்கு முறையான பயிற்சி தர வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. சிலர் எங்கே கற்றுக்கொள்வது என்று கேட்கிறார்கள், சிலர் இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நல்ல ஆய்வாக இருந்தால் ஆட்கள் தானாகத் தேடி வருவார்கள். நான் வாழ்நாள் முழுக்க ஆய்வகம் நடத்தியவன், எனக்கு யாரும் இதற்கு வகுப்பு எடுத்ததில்லை. நாலு பேரைக் கூட்டி வேலை செய்வதற்குக்கூடப் பயிற்சியா?
– ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர், மதுரை

பதில்: ஐயா, உங்கள் ஆய்வகத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே இருக்க ஒரு கட்டாயம் இருந்தது. பட்டம் வேண்டும், உதவித்தொகை வேண்டும், உங்கள் கையெழுத்து வேண்டும். நான் சொல்கிற, ஆட்கள் விருப்பப்பட்டுச் சேர்கிற ஆய்வுக் குழுமங்களில் அந்தக் கட்டாயம் யாருக்கும் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள், போனதுகூட உங்களுக்குத் தெரியாது.

2009 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் டிமத்தி கவர்ஸ், அடர்த்தி ஹேல்ஸ்–ஜூவெட் தேற்றம் என்கிற ஒரு சிக்கலுக்குப் புதிய நிரூபணம் தேடும் வேலையை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து சேரலாம் என்று அழைத்தார். பாலிமேத் என்று அதற்குப் பெயர். 37 நாளில் 27 பேர் சுமார் 800 குறிப்புகள் எழுதி அதை முடித்தார்கள். பெரிய மூளைகள் சேர்ந்தால் இப்படி நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் தொடங்கும் முன்பே கவர்ஸ் சில விதிகளை எழுதி வைத்தார், என் கணக்கில் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது. குறிப்புகள் சின்னதாக இருக்கட்டும், அரைகுறை யோசனையையும், அசட்டுத்தனமாகத் தோன்றுகிற யோசனையையும் தாராளமாகச் சொல்லலாம், தனியாகப் போய் நாள்கணக்கில் உட்கார்ந்து யோசித்துவிட்டு ஒரு பெரிய கட்டுரையோடு வந்து நிற்க வேண்டாம், மரியாதையாகப் பேசுங்கள். இதனால் என்ன ஆனது என்றால், ஆரம்பத்திலேயே அரிசோனாவைச் சேர்ந்த ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் தைரியமாக ஒரு குறிப்பு எழுதினார், அவரை அடுத்து எழுதியவர், கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய டெரன்ஸ் டாவ். இந்த விதிகள் இல்லாமல் அந்த ஆசிரியர் வாயைத் திறந்திருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. 2007 ஜூலையில் கேலக்ஸி ஸூ என்ற திட்டத்தைத் தொடங்கி, சுமார் 9 லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களிடம் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார்கள். முதல் வருடத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் 5 கோடிக்கும் மேற்பட்ட முறை வகைப்படுத்தினார்கள். வந்து குவிந்த மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதி மாளாது என்றானதும், பங்கேற்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் ஏற்பாடு செய்து, பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் தன்னார்வலர்களிடமே கொடுத்தார்கள். ஹன்னி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தில் இருந்த நீலத் திட்டைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டார். அதை யாரும் ஒதுக்கவில்லை, விசாரித்தார்கள். இன்று அந்த வான்பொருள் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. பச்சைப் பட்டாணி என்று செல்லமாகச் சொல்லப்படும் சின்னஞ்சிறு மண்டலங்களைக் கவனித்துத் தொகுத்ததும் இந்தத் தன்னார்வலர்கள்தான், 2009-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஆட்கள் தானாக வரலாம் ஐயா. வந்தவர்கள் தங்குவதற்கும், கேட்ட கேள்விக்குப் பதில் கிடைப்பதற்கும் யாராவது உட்கார்ந்து ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

கேள்வி: நான் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி, மூலக்கூறு உயிரியல். பல கல்லூரி ஆய்வகங்கள் சேர்ந்த ஒரு கூட்டுத் திட்டத்தை 'நீயே பார்த்துக்கோம்மா' என்று கைடு என்னிடம் கொடுத்துவிட்டார். வாட்ஸ்அப் குரூப்பில் அவர் செய்தி போடுவார், மற்றவர்கள் கும்பிடு போடுவார்கள், அதோடு சரி. எனக்கு டி.என்.ஏ. பிரிக்கத் தெரியும், இது தெரியாது. இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?
– ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: முடியும். பி.சி.ஆர். போடக் கற்றுக்கொண்ட அதே முறையில், செய்து பார்த்து, பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளலாம்.

முதலில் நிலைமை என்ன என்று பார்த்துவிடுவோம். அறிவியல் குழுமங்களை நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே அமெரிக்காவில் லூ உட்லி என்பவர் தொடங்கிய சி.எஸ்.சி.சி.இ. என்ற மையம் ஒரு மாதிரி வரைந்து வைத்திருக்கிறது. (2017-ல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம், ஸ்லோன் அறக்கட்டளை நிதியில், இத்தகைய ஒருங்கிணைப்பாளர்களுக்காக ஓராண்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த மையம்.) அந்த மாதிரிப்படி உறுப்பினர்கள் நான்கு விதமாகப் பங்கேற்கிறார்கள்: ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுக்கொள்வது, கேட்டதற்கு ஏதாவது பங்களிப்பது, சிலர் சேர்ந்து வேலை செய்வது, எல்லோரும் சேர்ந்து புதிதாக ஒன்றை உருவாக்குவது. இவற்றோடு, குழுமத்தையே தங்கள் தோளில் தூக்கிக்கொள்கிற சிலரும் உண்டு. உங்கள் குரூப் முதல் விதத்தில் நிற்கிறது. தகவல் சொல்வதுதான் நோக்கம் என்றால் அதில் ஒரு தப்பும் இல்லை, கவலைப்படாமல் விட்டுவிடலாம். கூட்டாக ஆய்வு செய்ய வேண்டும் என்றால் இரண்டாவதற்கு நகர்த்த வேண்டும், ஒரேயடியாக நான்காவதற்குத் தாவ முடியாது.

எப்படி நகர்த்துவது? 'அனைவரும் தங்கள் மேலான கருத்துகளைப் பகிரவும்' என்று எழுதினால் ஒருவரும் பகிர மாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: 'உங்கள் ஆய்வகத்தில் மாதிரிகளை எந்த வெப்பநிலையில், அதிகபட்சம் எத்தனை நாள் வைக்கிறீர்கள்? ஒரு வரி போதும், வெள்ளிக்கிழமைக்குள். வருவதை எல்லாம் ஒரே அட்டவணையாகப் போட்டுத் திங்கட்கிழமை உங்களுக்கே அனுப்புகிறேன்.' பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆகும், யாருக்கும் தெரியாத விஷயம் கிடையாது, பதில் சொன்னால் கையில் ஏதோ கிடைக்கும். திங்கட்கிழமை அந்த அட்டவணை கட்டாயம் போக வேண்டும், பதில் சொன்ன ஆய்வகங்களின் பெயரோடு. அடுத்த கேள்விக்கு ஆட்கள் கூடுவார்கள்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. குரூப்பில் இருப்பவர்களில் நாலைந்து பேரைத் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டு, இந்தத் திட்டத்தில் உங்களுக்கு என்ன கஷ்டம், என்ன கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று கேளுங்கள். நீங்கள் பேச வேண்டாம், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வுப் படிப்பு நம்மைப் பதில் சொல்கிறவர்களாகத்தான் பழக்குகிறது. செமினாரில், வைவாவில், கட்டுரையில் எல்லாவற்றிலும் பதில் சொல்லித்தான் பேர் வாங்குகிறோம். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதற்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை, அதனால்தான் கெட்டிக்கார ஆய்வாளர்கள்கூட இதில் திணறுகிறார்கள். கைடிடம் பக்குவமாக ஒன்று சொல்லிவிடுங்கள்: குரூப்பில் யாராவது கேள்வி கேட்டால் சார் ஒரு நாள் பொறுத்துப் பதில் சொல்லட்டும். பெரியவர் பேசிவிட்டால் அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள்.

பயிற்சி என்று போக வேண்டுமானால், ஓபன் லைஃப் சயின்ஸ் என்ற பெயரில் தொடங்கி, பிறகு ஓபன் சீட்ஸ் என்று பெயர் மாறிய 16 வாரத் திட்டம் எனக்கு ரொம்பப் பிடித்த மாதிரி. மால்விகா ஷரன், யோ யெஹூதி, பெரெனிஸ் பட்டூ மூவரும் 2020 ஜனவரியில் தொடங்கியது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கிய மோசில்லா நடத்திய பயிற்சியைப் பார்த்து ஆய்வாளர்களுக்காக வடிவமைத்தார்கள். சொந்தத் திட்டம் ஒன்றோடு சேர வேண்டும், எல்லாம் ஆன்லைன். உங்களுக்கென்று ஒரு வழிகாட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் பேசுவார். அதில் ஒரு பயிற்சியை நீங்கள் இன்றைக்கே செய்து பார்க்கலாம். உங்கள் திட்டத்தில் சேரக்கூடிய ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் யார், எங்கே வேலை பார்க்கிறார், எவ்வளவு நேரம் கிடைக்கும், இந்தத் திட்டம் பற்றி எப்படிக் கேள்விப்படுவார், முதன்முதலில் யாரிடம் பேசுவார், முதல் வேலையாக எதைச் செய்வார், இரண்டாவது முறை ஏன் வருவார் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எந்த இடத்தில் உங்களால் எழுத முடியவில்லையோ அந்த இடத்தில்தான் ஆட்கள் நழுவுகிறார்கள்.

கேள்வி: ஸ்லாக், டிஸ்கார்ட், வாட்ஸ்அப் – ஆய்வுக் குழுவுக்கு எது நல்லது?
– கல்லூரி நூலகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் ஆட்கள் ஏற்கனவே தினமும் திறந்து பார்க்கிற ஆப் எதுவோ அது. முடிவுகளை மட்டும் வாட்ஸ்அப்பில் புதைய விடாமல் ஒரு பொது ஆவணத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துச் சேருகிறவர் அதைப் படித்துத்தான் உள்ளே வர முடியும்.

கேள்வி: உயிரியல் ஆய்வாளர்களுக்குப் பைதான் நிரல்மொழிப் பயிலரங்கு நடத்துகிறேன். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பயிற்சிக் கேள்வி கொடுத்தால் பாதிப் பேர் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். என்ன செய்வது?
– கணினி அறிவியல் விரிவுரையாளர், நாகர்கோவில்

பதில்: 'புரிந்ததா?' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். நம்மூர் வகுப்பறையில் அதற்கு ஒரே பதில்தான்.

ஆய்வாளர்களுக்கு நிரல் எழுதவும் தரவைக் கையாளவும் கற்றுத்தரும் கார்பென்ட்ரீஸ் அமைப்பின் பயிலரங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள் கொடுத்துவிடுவார்கள், பச்சை ஒன்று, சிவப்போ அதுபோல வேறு நிறமோ ஒன்று. முடித்துவிட்டால் மடிக்கணினியின் மேல் விளிம்பில் பச்சை, மாட்டிக்கொண்டால் மற்றது. கை தூக்க வேண்டாம், வாய் திறக்க வேண்டாம், தாளை ஒட்டினால் உதவியாளர் வந்து பக்கத்தில் நிற்பார். முன்னால் நிற்கிற ஆசிரியர் ஒரு பார்வையில் வகுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். இடைவேளைக்குப் போகும்போது அதே தாள்களில் பிடித்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று எழுதி வாங்கிக்கொள்வார்கள், அதைப் படித்துவிட்டு அடுத்த அமர்விலேயே மாற்றுவார்கள். இது 1998-ல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி வழியில் வந்த அமைப்பு, 2018-ல் டேட்டா கார்பென்ட்ரியோடு இணைந்து இப்போதைய பெயருக்கு வந்தது. எத்தனையோ ஆய்வாளர்களை ஆசிரியர்களாக்கியிருக்கிறார்கள், அந்த ஆசிரியர் பயிற்சியில் நிரல் எழுதக் கற்றுத்தருவது கிடையாது. புதிதாகக் கற்பவரின் தலைக்குள் ஒரே நேரத்தில் எவ்வளவு ஏறும், எப்படி ஊக்கம் போகிறது, எப்படிக் குறை சொல்வது, எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதுதான் பாடம்.

அங்கே அழுத்திச் சொல்லித்தரும் ஒன்றை இன்றே கடைப்பிடிக்கலாம். 'இது ரொம்ப சிம்பிள்', 'சும்மா இதை அழுத்துங்க, வந்துடும்' என்று சொல்லவே கூடாது. தைரியம் கொடுப்பதாக நினைத்துச் சொல்கிறோம். வராதவருக்கு அது 'இவ்வளவு சுலபமானதே உனக்கு வரவில்லையா' என்று கேட்கும், அப்புறம் அவர் அன்றைக்கு முழுக்க உதவி கேட்க மாட்டார். அப்படிப்பட்டவரை அடுத்த பயிலரங்கில் நீங்கள் பார்க்கவும் முடியாது.

கேள்வி: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எங்கள் பகுதித் தன்னார்வலர்களோடு வேலை செய்கிறேன். புதியவர்கள் அரிய பறவை என்று எதையாவது பதிந்துவிடுகிறார்கள். திருத்தச் சொன்னால் கோபித்துக்கொண்டு அடுத்த வருடம் வருவதே இல்லை.
– வனவிலங்கு ஆய்வாளர், திருநெல்வேலி

பதில்: 2015-லிருந்து நடக்கிற அந்தக் கணக்கெடுப்பின் பலமே புதியவர்கள்தான், அவர்களைக் கோபப்படுத்தினால் நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம். பறவைப் பதிவுகள் சேருகிற ஈபேர்ட் இணையதளத்தில் ஓர் ஊருக்கு வழக்கமில்லாத பதிவு வந்தால் அது தானாகத் தனியே நிற்கும், அந்தப் பகுதியின் சரிபார்ப்பாளர் பார்த்து, தேவைப்பட்டால் பதிந்தவருக்கு எழுதுவார். அந்த ஒரு மின்னஞ்சலில்தான் எல்லாம் இருக்கிறது.

'இந்தப் பறவை இங்கே கிடையாது, தயவுசெய்து திருத்தவும்' என்று எழுதினால் விஷயம் சரி, ஆள் போய்விட்டார். இப்படி எழுதலாம்: 'வணக்கம். 15 நிமிடப் பட்டியல் இத்தனை பொறுமையாகப் போட்டதற்கு நன்றி, அந்தக் குளத்திலிருந்து எங்களுக்குப் பட்டியல்கள் குறைவு. அதில் ஒரு பருந்து பற்றித் தெரிந்துகொள்ள ஆசை. எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள், உட்கார்ந்திருந்ததா பறந்ததா, வால் பட்டைகள் தெரிந்தனவா? படம் இருந்தால் அனுப்புங்கள். நம் பக்கம் அதிகம் பதிவாகாத இனம் என்பதால் யார் பதிந்தாலும் இந்த விவரங்களைக் கேட்போம்.' கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், தன்னை மட்டும் சந்தேகப்படவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலும் அவரே யோசித்துவிட்டு 'வல்லூறாகத்தான் இருக்கும் சார்' என்று எழுதுவார். அப்போது, இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று நாலு வரி எழுதி அனுப்பினால் அடுத்த வருடம் அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். சில நேரம் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம், கேள்வியாகக் கேட்பதன் அருமை அப்போது தெரியும்.

கேள்வி: எனக்குப் பேசவே கூச்சம். கலகலப்பானவர்களுக்குத்தானே இந்த வேலை?
– ஆய்வு உதவியாளர், விழுப்புரம்

பதில்: சி.எஸ்.சி.சி.இ. மையம் இந்த வேலைக்கான திறன்களை 5 பிரிவில் 45 ஆகப் பட்டியல் போட்டிருக்கிறது. திட்டமிடுவது, தொழில்நுட்பம், எழுதுவது, நிகழ்ச்சிகளை உருவாக்குவது, ஆட்களோடு பழகுவது என்று விரிகிறது. மேடையில் கலகலப்பாகப் பேசுவது அதில் ரொம்பச் சிறிய பங்கு. நன்றாகக் கேட்கத் தெரிந்த, சொன்ன தேதியில் சொன்னதை அனுப்புகிற ஆளாக இருந்தால் தாராளமாக வாருங்கள்.

கேள்வி: எங்கள் கூட்டு ஆய்வுத் திட்டத்தின் இணையவழிக் கூட்டங்களில் மூத்த விஞ்ஞானி ஒருவர் மாணவிகளை மட்டம் தட்டிப் பேசுகிறார். நடத்தை விதிகள் எழுதி வைத்திருக்கிறோம், ஆனால் புகார் என்றால் அவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத ஆய்வாளர்

பதில்: அப்படியானால் உங்களிடம் விதிகள் இல்லை, ஒரு தாள் இருக்கிறது, அவ்வளவுதான். நடத்தை விதிகளில் முதலில் எழுத வேண்டியது, யாரிடம் புகார் சொல்வது என்பது. குறைந்தது இரண்டு பேர், வேறு வேறு நிறுவனத்திலிருந்து, ஒருவராவது பெண், ஒருவராவது திட்டத்தின் நிதியைக் கையில் வைத்திருக்காதவர். புகார் அவர்களில் ஒருவரைப் பற்றியே என்றால் அவர் தானாக விலகிக்கொள்வார் என்றும் எழுதியிருக்க வேண்டும். புகார் வந்தால் எத்தனை நாளில் பதில் வரும், என்னென்ன நடவடிக்கை எடுக்கலாம், விவரம் யார் யாருக்குத் தெரியும் என்பதெல்லாம் அதற்கு அடுத்து. கார்பென்ட்ரீஸ் போன்ற அமைப்புகளில் இதற்கென்றே குழு இருக்கிறது.

இப்போதைக்கு, கூட்டம் நடத்துகிறவர் அந்த நிமிடத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவர் குறுக்கிட்டதும், 'சார், ஒரு நிமிஷம், அவர் முடிக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தவரின் பெயரைச் சொல்லித் தொடரச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். இதைப் பயிற்சியில் நடித்துப் பார்த்துத்தான் பழக வேண்டும், ஏனென்றால் உண்மையான கூட்டத்தில் மூத்தவர் முன்னால் வாய் வராது. அதே சமயம் நீங்கள் சொல்வது வெறும் மரியாதைக் குறைவைத் தாண்டித் துன்புறுத்தலாக இருந்தால், குழுமத்துக்குள் தீர்க்கப் பார்க்காதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் நிறுவனத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும், அங்கே எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலையில் பாதி நேரம் எங்கள் சர்வதேசக் குழுமத்தை நடத்துவதிலேயே போகிறது. கட்டுரையில் பெயர் வருவதில்லை, அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதும் இல்லை. விட்டுவிடலாமா?
– போஸ்ட்டாக் ஆய்வாளர், எடின்பரோ

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து வருத்தமாக இருந்தது, இதே கதையைப் பல பேர் எழுதியிருக்கிறார்கள், எழுதியவர்களில் பெண்களே அதிகம். ஆய்வுக் குழுவில் யார் இளையவரோ, யார் முடியாது என்று சொல்ல மாட்டாரோ, அவர் தலையில் இந்த வேலை விழுகிறது. நடந்தால் யார் கண்ணிலும் படாது, நடக்காவிட்டால் மட்டும் தெரியும்.

கட்டுரையில் யார் என்ன செய்தார்கள் என்று குறிக்கும் கிரெடிட் வகைப்பாட்டில் 14 பங்குகள் இருக்கின்றன. மென்பொருள் எழுதியது, தரவைப் பராமரித்தது, நிதி கொண்டுவந்தது எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, குழுமத்தை நடத்தியதற்கென்று ஒன்று கிடையாது. திட்ட நிர்வாகம் என்ற பங்கு இருக்கிறது, இப்போதைக்கு அதன்கீழ் உங்கள் பெயரை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். கட்டுரை எழுதி முடிந்த பிறகு கேட்டால் சங்கடம்தான் மிஞ்சும், திட்டம் தொடங்கும்போதே பேசிவிடுங்கள்.

நிலைமை மாறாது என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் இருக்கிற பிரிட்டனிலேயே ஆய்வகத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவர்கள் இப்படித்தான் பெயரில்லாமல் கிடந்தார்கள். 2012-ல் ஒரு பயிலரங்கில் கூடி, ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்ற பணியிடம் வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள். பல்கலைக்கழகங்களில் அவர்களுக்கென்று குழுக்கள் வந்தன, 2019-ல் தனிச் சங்கமே வந்துவிட்டது. லண்டன் ஆலன் டூரிங் நிறுவனத்தில் ஆய்வுக் குழும மேலாளர் என்ற பதவிக்கே ஆள் எடுத்திருக்கிறார்கள், சம்பளத்தோடு. ஆகவே விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள், உங்கள் அனுபவத்துக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

விடுவதா வேண்டாமா என்பதற்கு என் பதில்: இப்படியே தொடராதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இதில் போகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள், என்னென்ன வேலை என்பதையும். கூட்ட ஏற்பாடு, புதியவரை வரவேற்பது, சண்டை தீர்ப்பது, கூட்டத்தில் பேசியதைக் குறிப்பெடுப்பது, நினைவூட்டல் மின்னஞ்சல் என்று எல்லாம் வரட்டும். அந்தத் தாளோடு உங்கள் திட்டத் தலைவரிடம் போய், மூன்றில் ஒன்றைக் கேளுங்கள்: இந்த நேரத்தை என் பணி ஒப்பந்தத்தில் எழுதுங்கள், அல்லது அடுத்த நிதி விண்ணப்பத்தில் இதற்கென்று ஒரு பகுதிநேரச் சம்பளம் போடுங்கள், அல்லது இந்த வேலையை உங்கள் குழுவில் எல்லோருக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுங்கள். மூன்றும் முடியாது என்று சொன்னால், உங்கள் குறிப்புகளையும் கடவுச்சொற்களையும் ஒரு கோப்பில் ஒழுங்காக எழுதி அவரிடமே ஒப்படைத்துவிட்டு, ஒரு மாத அவகாசம் கொடுத்து விலகிக்கொள்ளலாம். நடுவில் அறுத்துவிட்டு வர வேண்டாம், உங்களை நம்பி வந்த உறுப்பினர்களுக்கு அடுத்து யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும்.